கடல் ஓத மின்சாரத்தை நம்பி மின்கட்டமைப்பை நடத்த முடியுமா?

கேள்வி:
காற்றும் வெயிலும் பொய்க்கும் நேரத்தில் கடல் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், கைகொடுக்கும் என்கிறார்கள். பிரான்சில் ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் அணை கட்டி அமைத்த ஓத மின்நிலையம் 1966 முதல் இயங்கியும், இத்தகைய பெரிய நிலையங்கள் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கின்றன?

முதல் பதில்:
ஓதத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே துல்லியமாகக் கணிக்கலாம். ஆனால் கணிக்க முடிவது வேறு, வேண்டும்போது கிடைப்பது வேறு. உயர் ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், இந்த வாரம் மாலை நேரத் தேவையோடு பொருந்துவது அடுத்த வாரம் பொருந்தாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெருகும் உற்பத்தி, அட்டமியை ஒட்டிச் சுருங்கிவிடும்.

இரண்டாம் பதில்:
ரான்ஸில் தலா 10 மெகாவாட் திறனுள்ள 24 டர்பைன்கள் உள்ளன. ஆண்டு உற்பத்தி சுமார் 50 கோடி யூனிட், அதாவது முழுத் திறனில் கால்பங்குதான். ஆயினும் அவை பம்புகளாகவும் இயங்கும் என்பதை மறக்கக் கூடாது: உயர் ஓதத்தின்போது, நீர்மட்ட வேறுபாடு மிகக் குறைவாக இருக்கையில், சிறிது மின்சாரம் செலவிட்டு அணைக்கு உள்ளே ஏற்றும் நீர், கடல் வற்றியபின் பல மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, செலவழித்ததைவிட அதிகமாகத் திருப்பித் தருகிறது. மின்கட்டமைப்புக்கு உண்மையில் பயன்படுவது, உற்பத்தி நேரத்தைச் சற்றே நகர்த்தும் இந்த வசதிதான் என்பது என் கருத்து.

மூன்றாம் பதில்:
அணைக்காகச் சுற்றுச்சூழல் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். ரான்ஸில் கட்டுமானக் காலத்தில் கழிமுகத்தைக் கடலிலிருந்து அடைத்ததால் அங்கிருந்த கடல்வாழ் உயிர்கள் பெருமளவு அழிந்தன. தென் கொரியாவின் சிஹ்வாவில் கடற்சுவர் ஏற்கெனவே இருந்தது. அதில் 2011இல் அமைந்த 254 மெகாவாட் நிலையம், தேங்கி மாசடைந்திருந்த ஏரிக்குள் கடல்நீரை மீண்டும் புழங்கவிட்டது. அத்தகைய இடங்களையே முதலில் தேட வேண்டும்.