கிரூவுக்குத் தமிழில் என்ன? 'சால்' என்று ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கில இசைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் சொற்பட்டியலில் மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்தும் 'கிரூவ்' (groove), அதாவது வாத்தியங்கள் ஒன்றி ஓடிக் கேட்பவர் உடம்பை அசையவைக்கும் அந்தப் பிடிப்பு, மட்டும் நகர மாட்டேன் என்கிறது. இதுவரை வந்தவை: நடை, தாளக்கட்டு, தடம், காடி, துள்ளல். இவற்றை அகராதியில் வைத்து எடை போடுவதைவிட ஒரு பாட்டின் மேல் வைத்துப் பார்க்கலாமே என்று நேற்று ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது அமெரிக்க மெட்டல் குழுவான பாண்டெராவின் 'வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர்', 1992.

இது அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் என்று எழுதினால் யாராவது திருத்த வருவீர்கள். கணக்குப்படி ஆறாவது, ஒப்புக்கொள்கிறேன். 1983 முதல் 1988 வரை நான்கு ஆல்பங்கள் போட்டார்கள். பெரும்பாலும் கிளாம் என்கிற பகட்டு மெட்டல் வகை, பளபளச் சட்டையும் பெரிய கூந்தலுமாக. பிற்பாடு அவர்களே அவற்றைப் பற்றி அதிகம் பேசவில்லை. 1990இல் 'கௌபாய்ஸ் ஃப்ரம் ஹெல்' வந்ததும் ஆளே மாறிவிட்டார்கள். கிரூவ் மெட்டல், அதாவது கிரூவை முன்னிறுத்தும் கனமான மெட்டல் வகை, அதன் குழுவாகப் பார்த்தால் 'வல்கர் டிஸ்ப்ளே' இரண்டாவதுதான். முதலாவதில் த்ராஷ் என்கிற அதிவேக மெட்டலின் வேகமும் உச்சக்குரல் கூவலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவதில் பாடகர் ஃபில் அன்செல்மோ அந்தக் கூவலை ஏறக்குறைய கைவிட்டுக் கட்டையான கத்தலுக்கு இறங்குகிறார். இசையும் அவரோடு சேர்ந்து இறங்கி, கனத்து, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நம் சொல்லுக்கு வேலை இருப்பது அந்தக் குறைத்துக்கொண்ட இடங்களில்தான்.

> 'நடை' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? திஸ்ர நடை, சதுஸ்ர நடை என்று எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

ஐயா, முதலில் நானும் இதற்குத்தான் ஓட்டுப் போட்டேன். இந்த ஆல்பத்தின் 'வாக்' பாட்டைக் கேட்டதும் மாற்றிக்கொண்டேன். பாட்டு 12/8. அதாவது நான்கு அடி, ஒவ்வொரு அடிக்கும் மூன்று மாத்திரை: தகிட தகிட தகிட தகிட. சந்தேகமே இல்லை, திஸ்ர நடை. ஆனால் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு, மூன்றையும் நிரப்புவதில்லை. பெரும்பாலும் நடு எழுத்தை விழுங்கிவிட்டு முதலிலும் கடைசியிலும் அடிக்கிறது: த–ட, த–ட. ஸ்வரம் என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அடித்தந்தியைச் சும்மா மீட்டுவதும், அதே தந்தியின் முதல் ஃப்ரெட்டை அமுக்கி லேசாக வளைப்பதும், அவ்வளவே. கிதார் பிடித்து ஒரு வாரம் ஆன பையனும் வாசித்துவிடுவான்.

வாசித்துவிடுவான், அது அந்தப் பாட்டாக இருக்காது. நானே ஒருமுறை இதைக் கணினியில் கட்டம் கட்டமாக உள்ளிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் மாத்திரை பிசகாமல் விழுந்தது. கேட்டால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. நடை சுத்தம், கிரூவ் பூஜ்யம். ஆக நடை என்பது காலத்தைப் பங்கு போடும் கணக்கு. கிரூவ் என்பது அந்தப் பங்குக்குள் எங்கே அழுத்துகிறோம், எங்கே விட்டுக்கொடுக்கிறோம், எல்லோரும் அதைச் சேர்ந்தே செய்கிறோமா என்பது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் "நடை சரியாக இருக்கிறது, ஆனால் நடை இல்லை" என்று எழுத வேண்டி வரும்.

தாளக்கட்டுக்கும் இதே கதைதான். தாளக்கட்டு இல்லாத பாட்டே கிடையாது, கிரூவ் இல்லாத பாட்டு ஏராளம். 'தடம்' நல்ல சொல், ஆனால் அதே பட்டியலில் இருபது வரி தள்ளி டிராக்குக்கு 'ஒலித்தடம்' என்று நாமே போட்டுவிட்டோம். 'காடி' தச்சர் சொல், பலகையில் வெட்டும் பள்ளத்துக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் பலருக்குக் காடி என்றதும் புளிப்புதான் ஞாபகம் வரும்.

> யாப்பிலிருந்து எடுக்கலாம். கலிப்பாவுக்குத் துள்ளல் ஓசை. கிரூவும் துள்ளல்தானே?

அக்கா, யோசனை அருமை, எடுத்த ஓசைதான் மாறிவிட்டது. துள்ளல் என்பது டிஸ்கோவுக்கும் ஃபங்குக்கும் சரி. இந்த ஆல்பம் துள்ளாது. கனமான ஒன்று இடமும் வலமுமாக அசைந்து வருகிற மாதிரி வரும். நால்வகை ஓசையில் இதற்கு உண்மையிலேயே பொருந்துவது வஞ்சிப்பாவின் தூங்கல் ஓசை. பழைய தமிழில் தூங்குதல் என்றால் தொங்கி அசைதல். நிகண்டுகளில் யானைக்கே தூங்கல் என்று ஒரு பேர் உண்டு. பொருள் என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் 'தூங்கல் மெட்டல்' என்று அச்சில் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரம் வருஷம் பிந்திவிட்டோம்.

சரி, என் முன்மொழிவுக்கு வருகிறேன்: சால். உழும்போது ஏரின் கொழு கீறிவிட்டுப் போகும் நீண்ட பள்ளம், உழவுசால்.

ஆங்கிலச் சொல்லுக்கும் அடிப்படைப் பொருள் தோண்டிய பள்ளமே. ஜாஸ்காரர்கள் 1930களில் இதை இசைக்குப் புழங்கியதற்கு, இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி பதிந்து ஓடுவதைத்தான் வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். ஊசிக்குப் பதில் கொழு, தட்டுக்குப் பதில் மண். உவமையை வெளியிலிருந்து சுமந்து வர வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான விஷயம், சாலுக்கு வினை தயாராக இருக்கிறது: சால் பிடிப்பது, சால் விலகுவது. இதை வைத்துக்கொண்டு அதே ஆல்பத்தைப் பற்றி எழுத முடிகிறதா என்று பார்த்தேன். முடிகிறது:

"முதல் பாட்டிலேயே டிரம்ஸும் கிதாரும் சால் பிடித்துவிடுகின்றன. உள்ளங்கை ஓரத்தைத் தந்தியில் பதித்து கிதாரில் டைம்பேக் டாரல் அமுக்கி அடிக்கும் இடமெல்லாம் டிரம்மர் வின்னி பாலின் பாஸ் டிரம் கூடவே விழுகிறது. இருவரும் அண்ணன் தம்பி, சிறு வயதிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். யார் முன்னத்தி ஏர், யார் பின்னேர் என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. பாட்டின் கடைசியில் வேகம் கூடும்போதும் சால் விலகவில்லை."

படிக்கச் செயற்கையாகத் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. 'முன்னத்தி ஏர்' தானாகவே வந்து விழுந்தது. சொல் சரியான குடும்பத்தில் பிறந்திருந்தால் உறவுக்காரர்கள் கூப்பிடாமலே வருவார்கள்.

இன்னொரு இடம். இந்தக் குழுவில் கிதார் வாசிப்பவர் ஒரே ஆள். மேடையில் அவர் சோலோவுக்குப் போனால் அடியில் தாங்க இன்னொரு கிதார் கிடையாது. அப்போது ரெக்ஸ் பிரௌனின் பேஸ் கிதாரும் டிரம்ஸும் மட்டும் சாலைக் காப்பாற்றியாக வேண்டும். ரெக்ஸ் பெரும்பாலும் ரிஃபோடு ஒட்டிக்கொண்டே போவதால் அவரைத் தனியாகக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஹெட்போனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், அப்புறம் பேசுவோம். டெரி டேட்டின் தயாரிப்பும் இதற்கு ஒத்தாசை. பாஸ் டிரம்மில் 'டிக்' என்று ஒரு கூர்மை இருப்பதால் கிதாரின் இரைச்சலுக்குள் அது அமுங்கிப்போவதில்லை. சால் காதுக்குத் தெரிவதற்கு அந்த 'டிக்' ஒரு முக்கியக் காரணம்.

> சால் என்றால் தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய பானை. குழப்பம் வராதா?

வரலாம். ஆனால் பானையை யாரும் 'பிடித்து' வாசிக்கப் போவதில்லை, இடம் பார்த்துப் பொருள் விளங்கிவிடும். 'சாலச் சிறந்தது' என்கிற சாலவோடு இடிக்கும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அந்த இடி எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.

எனக்கே உறுத்தும் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். உழவுசால் நேர்க்கோடு, கிரூவ் சுற்றிச் சுற்றி வருவது. இசைத்தட்டின் பள்ளமாவது சுழல்கிறது, சால் கரையில் முட்டித் திரும்ப வேண்டியிருக்கிறது. திரும்பி வந்து பக்கத்திலேயே அடுத்த சால் ஓட்டுவதைத் திரும்ப வரும் ரிஃபாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். திருப்தி இல்லாதவர்கள் வேறு சொல்லோடு வாருங்கள், வினையோடு வாருங்கள்.

பட்டியலுக்கு என் வரைவு:

சால் (பெ.) – தாள வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் ஒரே அழுத்தப் பாங்கில் ஒன்றி, கேட்பவர் உடலை அசையவைக்கும் தொடர் ஓட்டம். சால் பிடி, சால் விலகு (வி.).

ரிஃப்பைத் தொட வேண்டாம். 'பிடி' என்று போடலாம் என்ற யோசனை நல்லதுதான், ஆனால் ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரக் கோவைக்கு ஏற்கெனவே பிடி என்று பெயர் இருக்கிறது, 'சால் பிடி'யோடும் மோதும். வகையின் பெயரையும் 'கிரூவ் மெட்டல்' என்றே விட்டுவிடலாம். அது பெயர்ச்சீட்டு, கலைச்சொல் இல்லை. 'சால் மெட்டல்' என்று நானே ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், அழித்துவிட்டேன்.