புதுப்பிப்பு: டேபிள் டென்னிஸில் சர்வீஸ் போட எங்கே நிற்பது?

மேசைக்கு நடுவில் நின்று சர்வீஸ் போட்டால், திரும்பி வரும் பந்து பேக்ஹேண்டிலேயே (புறங்கையால் அடிக்கும் பக்கம், எனக்கு இடது) மாட்டுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. 'இடது மூலைக்குப் போ' என்ற யோசனைதான் கைகொடுத்தது (நான் வலதுகைக்காரன்). மன்னார்குடியில் நாங்கள் ஆடும் கூடத்தில், இடது கால் மேசை விளிம்புக்கு வெளியே வரும்படி சாக்பீஸால் கோடு போட்டுப் பழகினேன். இப்போது பாதிப் பந்தாவது ஃபோர்ஹேண்டுக்கு (உள்ளங்கைப் பக்கமாக அடிப்பது, எனக்கு வலது) வருகிறது. பின்னால் தள்ளி நின்றது ஒத்துவரவில்லை. வலைக்குப் பக்கத்தில் விழும் குட்டைப் பந்துக்கு ஓட வேண்டியிருந்தது.

எதிர்பாராதது: வலது மூலை காலியாகிவிடுகிறது. சர்வீஸ் போட்ட கையோடு அரை அடி பின்னால் குதித்து நின்றால் சரி. அப்புறம், இரட்டையரில் சர்வீஸ் பந்து முதலில் நம் வலது பாதியில்தான் குத்த வேண்டும். ஞாயிறன்று பழக்கதோஷத்தில் இடது பாதியில் குத்தி ஒரு புள்ளி போச்சு.