தீபாவளி பலகார ஆர்டர்: செக்லிஸ்ட்டை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

வணக்கம். வீட்டிலிருந்து பலகார ஆர்டர் எடுப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

இப்போதைய பட்டியல் நாள் கணக்கில் இருக்கிறது. 10 நாள் முன்பு டப்பா, ஸ்டிக்கர், மளிகை, உபரி சிலிண்டர். 5 நாள் முன்பு அதிரச மாவு: பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே அரைத்து, வெல்லப்பாகில் கிளறி வைத்தால் 2, 3 நாளில் பதத்துக்கு வரும். இந்த ஒரு வரி மட்டும் தவறினால் சரிக்கட்டவே முடியாது. முறுக்கு, மிக்சர் 3 நாள் முன்பு. பால் சேர்ந்த இனிப்பெல்லாம் முந்தைய நாள்தான்.

சிக்கல் டிக் அடிப்பதில். 'முறுக்கு முடிந்தது' என்றால் சுட்டதா, ஆறியதா, டப்பாவில் அடைத்ததா? சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தங்கி மறுநாளே நமுத்துவிடும். அதனால் சுட்டது, ஆறியது, எடை போட்டது, ஸ்டிக்கர் ஒட்டியது என்று 4 கட்டம் போட்டோம். 12 ஆர்டரைத் தாண்டினால் சுவர் முழுக்கத் தாள்தான்!

பட்டியலைப் பலகாரவாரியாக வைப்பதா, வாடிக்கையாளர்வாரியாகவா? "இன்னொரு கால் கிலோ சேர்த்துப் போடுங்க" என்று கடைசி நேரத்தில் போனில் வருவதை எந்தத் தாளில் ஏற்றுகிறீர்கள்? டிக் அடிக்கும் பேனா ஒரே ஆளிடம் இருந்தால் குழப்பம் குறையுமா?

எண்ணெய்க் கையோடு மொபைல் ஆப் சரிப்படாது. தாளோ வெள்ளைப்பலகையோ, நீங்கள் பயன்படுத்தும் மாதிரியைப் படம் எடுத்துப் போடுங்கள்.