வரியீறு: புதிய செயற்கூற்றுக்கு ஒரு பெயர்

குழுவினருக்கு வணக்கம்.

எழுத்துச் சரங்களைக் கையாளும் நம் சர இடையக (string buffer) நூலகத்தில், கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தரும் துணைச் செயற்கூறு (function) ஒன்று சேரப்போகிறது. அதற்கு ‘வரிபடிப்பி’ என்ற பெயரை முந்தைய மடலில் குழுவில் ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஓசையில் குறையில்லை. ஆனால் படித்த வரியின் கடைசியில், வரி முடிந்ததைக் காட்டும் புதுவரிக் குறி (newline) இருக்குமா, போய்விடுமா? அதை இந்தப் பெயர் சொல்லவில்லை.

சி மொழியில் இது பழைய குழப்பம். வரி படிக்கும் அதன் செயற்கூறுகளில் கெட்ஸ் (gets) அந்தக் குறியை உதறிவிடும். எஃப்கெட்ஸ் (fgets) சரத்திலேயே விட்டுவைக்கும். (இடத்தின் அளவைக் கேட்காமலே எழுதித் தள்ளும் கெட்ஸ், சி மொழியின் 2011 தரத்தில் நீக்கப்பட்டுவிட்டது.) யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் (POSIX) கெட்லைன் (getline) குறியை வைத்துக்கொள்ளும். நிரல் பதிப்புகளைப் பேணும் கிட் (Git) மென்பொருளின் மூலநிரலில் உள்ள ஸ்டர்பஃப் கெட்லைனோ (strbuf_getline) நீக்கிவிடும். குறியும் வேண்டுமென்றால் அதிலேயே கெட்ஹோல்லைன் (strbuf_getwholeline) தனியாக உண்டு. கெட்லைன் என்ற ஒரே பெயருக்கு நேரெதிரான இரண்டு நடத்தை!

போன மாதம் ஒரு மாலை முழுக்க எனக்கு இதில் போயிற்று. ஊர்ப் பட்டியலிலிருந்து ‘மதுரை’ என்று படித்து ஒப்பிட்டால் பொருந்தவில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. பைட்டுகளை எண்ணினேன்: யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் 15 இருக்க வேண்டும், 16 இருந்தது. கடைசி பைட் 13. புதுவரிக் குறியின் எண் 10, 13 என்பது வரித்தொடக்கத்துக்குத் திரும்பும் குறி. வரியை 13, 10 என்று இரண்டு பைட்டால் முடிக்கும் கணினியில் சேமித்த கோப்பு அது. என் நிரல் 10ஐ மட்டும் வெட்டியிருந்தது.

இதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. சொல்லின் கடைசி எழுத்தை இலக்கணம் ‘ஈறு’ என்கிறது. பெருமை, வள்ளல் சேர்ந்து பெருவள்ளல் ஆகும்போது ‘மை’ கெடுவதை ‘ஈறு போதல்’ என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வரியின் கடைசிக் குறி ‘வரியீறு’. செயற்கூறுகள் ‘ஈறின்றி வரியெடு’, ‘ஈற்றோடு வரியெடு’. முதலாவது, 10 தனியாக வந்தாலும் 13உடன் வந்தாலும் முழுதாக நீக்க வேண்டும். கோப்புப்பெயருக்குள்ளேயே புதுவரிக் குறி வரக்கூடும் என்பதால், ஒவ்வொரு பெயரும் சுழி பைட்டில் (மதிப்பு 0) முடியும் பட்டியல்களும் உண்டு, அங்கே ‘சுழியீறு’.

பல் ஈறு நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். ‘வரி’ முன்னால் நிற்கும்போது அந்த மயக்கம் வராது. பெயர் நீளம் என்பது உண்மைதான். ஆனால் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் நிரல் திருத்தியின் பரிந்துரைப் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும், எது வேண்டும் என்று யோசித்தே ஆகவேண்டும்.

கடைசி வரியில் ஈறே இல்லாத கோப்பு என்றால் ‘ஈற்றோடு’ என்ன தரும்? இருப்பதை அப்படியே தரட்டும், புதிதாக ஒட்ட வேண்டாம். அந்த விளக்கத்தை ஆவணத்தில் நானே எழுதித் தருகிறேன்.