தடுப்பூசி வேண்டாம்னு உங்க முகத்துக்கு நேரா யாராவது சொல்லியிருக்காங்களா?

எட்டாம்பு டீச்சர்:
2017 பிப்ரவரி, எம்.ஆர்.னு தட்டம்மை-ரூபெல்லா ஊசி. வாட்ஸ்அப்ல என்னென்ன வதந்தி சுத்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆறாம் தேதி ஆரம்பிச்சாங்க. மறுநாள் ராத்திரி ஓ.பி.எஸ். மெரினாவுல ஜெயலலிதா சமாதி முன்னாடி கண்ணை மூடி உக்காந்தார். அதுக்கு அடுத்த நாள் காலையில எங்க ஸ்கூல் கேட்டுல ஒரு அப்பா, மக கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போறார். "அண்ணே, தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான், புள்ளைக்கு நல்லது"ன்னு போய் நின்னேன்.

"டீச்சர், 75 நாள் ஆஸ்பத்திரியில இருந்த முதலமைச்சருக்கே என்ன ஊசி போட்டாங்கன்னு இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. எம்புள்ளைக்கு என்ன போடுறீங்கன்னு நான் யாரைப் போய்க் கேக்க?"

கத்தல. மெதுவாத்தான் கேட்டார். அந்தப் புள்ள என் முகத்தையே பாத்துட்டு நின்னுச்சு. எனக்கு வாயே வரல. போன வாரம் அதே அப்பா வீட்டுக்கு வந்து பத்திரிகை வச்சுட்டுப் போனார். அந்தப் புள்ளைக்குத்தான் கல்யாணம். அன்னிலேர்ந்து சரியாத் தூக்கம் இல்ல.

தஞ்சாவூரான்:
எங்க அப்பாவைப் பத்தி இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. வயசு 63, நாப்பது வருஷக் கட்சிக்காரர், அப்போ எதிர்க்கட்சி. 2021 மார்ச் முதல் வாரம் கோவாக்சின் போடக் கூட்டிட்டுப் போனேன். மூணாம் கட்டப் பரிசோதனை முடியறதுக்கு முன்னாடியே அனுமதி கொடுத்த ஊசிங்கிறதால சம்மதப் படிவத்துல கையெழுத்து கேட்டாங்க. அப்பா ரெண்டு தடவை படிச்சார். நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு எழுந்துட்டார். "நம்ம ஆட்சி வரட்டும்பா, நம்மாளு போடச் சொன்னா போட்டுக்கறேன்." ஏப்ரல்ல திரும்பப் பேசிச் சம்மதிக்க வச்சேன். போய்ப் போடறதுக்குள்ள, நடிகர் விவேக் தான் ஊசி போட்டுக்கிட்ட ரெண்டாம் நாள் இறந்துட்டார். ஊசியால இல்லன்னு மத்தியக் குழு சொன்னது ரொம்பப் பிந்தி. அதுக்குள்ள எங்க தெருவே பின்வாங்கிருச்சு.

மே 7 பதவியேற்பை வார்டுல படுத்துக்கிட்டு போன்ல பாத்தார். அந்த வாரமே போயிட்டார். துவைக்கப் போட்ட சட்டையில அந்தப் படிவம் இருந்துச்சு, மடிச்ச மடிப்பு கலையாம.

பைக் மெக்கானிக்:
தஞ்சாவூர் தம்பி, மனசு கனக்குது. அப்பா படிச்சுப் பாத்துக் கேட்டார், அது தப்பில்ல.

டீச்சர், உங்களோட எனக்கு ஒரு வழக்கு உண்டு. வாட்ஸ்அப் மேல மட்டும் பழியைப் போடாதீங்க. 2017-ல நானும் வேண்டாம்னு நின்ன அப்பன்தான். ஸ்கூல்லேர்ந்து வந்தது ரெண்டு வரிச் சீட்டு: நாளைக்கு ஊசி, சாப்பிட வச்சு அனுப்பவும். எதுக்கு, எந்த ஊர் மருந்து, ஒண்ணும் இல்ல. ரெண்டு வாரம் முன்னாடிதான் ஜல்லிக்கட்டுக்கு உக்காந்த பசங்களை மெரினாவுல போலீஸ் அடிச்சு விரட்டினதை டிவியில பாத்திருந்தோம். கோவம் அரசாங்கத்து மேல, அது ஊசி மேல இறங்குச்சு. அப்புறம் எதிர்வீட்டு நர்ஸக்கா அவங்க மகன் விரலைக் காட்டுச்சு, நகத்துல மார்க்கர் மை. "என் புள்ளைக்கே போட்டுட்டேன்டா." மறுநாள் என் பையனை நானே வண்டியில வச்சுக் கொண்டுபோய் விட்டேன்.

அதனால இனிமே கேம்ப் போடுறவங்களுக்குச் சொல்றேன். ஒரு வாரம் முன்னாடி அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உக்கார வைங்க. மருந்து பாட்டிலைக் கையில கொடுத்துப் பாக்க விடுங்க. எந்த ஊர்ல தயாரிச்சதுன்னு லேபிள்லயே இருக்கும், வெளிநாட்டுச் சதின்னு சொல்றவன் அங்கயே அடங்குவான். போடுற ஊழியர் முதல்ல தன் புள்ளைக்குப் போடட்டும். கட்சிக் கொடி கட்டின வண்டியில மைக் வேண்டாம். சர்டிபிகேட்ல எந்தத் தலைவர் படமும் வேண்டாம். 2021 தேர்தலப்போ தேர்தல் ஆணையம் சொல்லித்தானே பிரதமர் படத்தை நம்ம ஊர் சர்டிபிகேட்லேர்ந்து எடுத்தாங்க? எப்பவுமே எடுத்திருக்கலாம். காய்ச்சல் வந்தா யாருக்குப் போன் பண்ணணும்னு நம்பர் எழுதிக் கொடுங்க, அந்த நம்பர்ல ஆள் எடுக்கணும்.

கிராம நர்ஸ், ஓய்வு:
மெக்கானிக் தம்பி, நம்பர் கொடுத்தா மட்டும் போதாது. 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைங்க இறந்தாங்க. நான் வேலை பாத்தது வேற மாவட்டம். ஆனாலும் என்னைப் பாத்ததும் கதவைச் சாத்தினாங்க. அதுக்கப்புறம் ஊருக்குள்ள போய்ப் போடக் கூடாது, ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் இருக்கும்போதுதான்னு உத்தரவு. கூலிவேலைக்குப் போற தாய் பஸ் ஏறி வருவாளா? முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைங்க 2005-06 கணக்கெடுப்புல நூத்துக்கு 81, 2015-16-ல 70. திரும்பி 89-க்கு வர எங்க கால் எவ்வளவு தேஞ்சுது தெரியுமா.

ஒரு தாய் மட்டும் கேட்டா: "ஊசி போட்டப்புறம் என்கூட வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் உக்காருறீங்களா அக்கா?" உக்காந்தேன். ரெண்டு பேரும் பேசல. புள்ள தூங்குறதையே பாத்துட்டிருந்தோம். எழுந்தப்போ அவ என் பையை எடுத்துத் தோள்ல மாட்டி விட்டா.

எட்டாம்பு டீச்சர்:
அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்தப் புள்ளைக்கு அன்னிக்குப் போடல. அப்புறமும் போட்டிருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். கர்ப்பத்துல ரூபெல்லா வந்தா குழந்தைக்குக் காது, கண்ணு, இதயம் எல்லாம் பாதிக்கும்னு படிச்சேன். இப்போ போடலாமா?

கிராம நர்ஸ், ஓய்வு:
எம்.எம்.ஆர். ஊசி போடலாம்மா, ரூபெல்லாவுக்கும் சேர்த்த மருந்துதான் அது. போட்டுட்டு ஒரு மாசத்துக்குக் கரு தங்காமப் பாத்துக்கணும். கர்ப்பமா இருக்கும்போது போடவே கூடாது, அதனால தள்ளிப் போடாதீங்க. முகூர்த்தம் எப்போ? அப்பாகிட்டப் போகாதீங்க, புள்ளைகிட்டயே பேசுங்க. இப்ப அவதான் முடிவு பண்ணணும்.

எட்டாம்பு டீச்சர்:
இன்னும் அஞ்சு வாரம் இருக்கு அக்கா. நாளைக்கு ஸ்கூல் விட்டதும் போறேன். அப்பாவும் வீட்லதான் இருப்பார். அவர் எதிர்லயே சொல்றேன். அன்னிக்கு அவர் கேட்டதுக்கும் நான் பதில் சொல்லணும்.