மெசரேஷனுக்கு ‘தோலூறல்’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மலைத்தோட்டச் சிவப்பு ஒயின் சொற்பட்டியலில் தோட்டம் சார்ந்த சொற்கள் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கும்போது கவாத்துக்கும் பந்தலுக்கும் நாம் ஏன் அலைய வேண்டும்? ஆலைக்குள் நுழைந்ததும்தான் தடுமாற்றம். நசுக்கிய திராட்சையின் தோலையும் விதையையும் சாற்றிலேயே ஊறவிடுவதுதான் மெசரேஷன், அந்த ஒன்றுக்கான தமிழ்ச்சொல்லே இழுத்துக்கொண்டிருக்கிறது. இதுவரை வந்தவை மென்மையாக்கம், தோய்வு, சாறேற்றம், ஊறல். என் ஓட்டு தோலூறலுக்கு.

மென்மையாக்கம் அகராதியைப் பார்த்துச் செய்த சொல். தொட்டிக்குள் நடப்பதை அது சொல்லவில்லை. கறுப்புத் திராட்சையானாலும் அதன் சதைக்குப் பெரும்பாலும் நிறம் கிடையாது. சின்னமனூர்ப் பக்கத்துப் பன்னீர் திராட்சையை நசுக்கிப் பார்த்தாலே தெரியும், உள்ளே வெளிறித்தான் இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது, துவர்ப்பு தோலிலும் விதையிலும் இருக்கிறது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தை உடனே பிழிந்து சக்கையை நீக்கிவிடுவார்கள். ரோஸ் ஒயினுக்குச் சில மணி நேரம் தோலோடும் விதையோடும் விடுவார்கள். சிவப்புக்கு ஐந்தாறு நாளிலிருந்து மூன்று வாரம் வரைகூடக் கிடக்கும். தோலின் நிறமி நீரிலேயே முதல் சில நாள்களில் இறங்கிவிடும். விதையில் துவர்ப்பைத் தரும் டானின் இறங்க ஆல்கஹால் சேர வேண்டும், அது பிந்தித்தான் வரும். எந்த நாளில் வடிப்பது என்பதில்தான் ஒயின் செய்பவரின் கைத்திறன் இருக்கிறது.

மலைத்தோட்டத்தில் இது இன்னும் முக்கியம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி இறங்கும், புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். அந்தக் கதிரைத் தாங்கக் கொடி பழத்தோலில் நிறமியையும் டானினையும் கூடுதலாகச் சேர்க்கிறது. இரவுக் குளிரில் புளிப்பும் குறையாமல் நிற்கிறது. அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில் 3,000 மீட்டருக்கு மேலேயே தோட்டம் இருக்கிறது. நம் கொடைக்கானலே சுமார் 2,100 மீட்டர்தான். அப்படிப்பட்ட பழத்தைக் கணக்கில்லாமல் ஊறவிட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆக, சொல்லில் ‘தோல்’ இருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

இனி வந்த மறுப்புகள்.

> ஊறல் என்றாலே போலீஸ் செய்திதான் நினைவுக்கு வருகிறது. ‘200 லிட்டர் சாராய ஊறல் அழிப்பு’ என்று வாரம் ஒருமுறை படிக்கிறோமே.

உண்மைதான் ஐயா. ஆனால் சொல் அங்கே பிறக்கவில்லை. ஊறுகாயிலும், இட்லிக்கு ஊறும் அரிசியிலும் அதே வினைதான். சித்த மருத்துவத்தில் ஊறல் குடிநீர் என்று ஒரு வகையே உண்டு. மருந்துச் சரக்கைக் கொதிக்கவிடாமல் நீரில் ஊறவைத்து வடிப்பது. (சரக்கு என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பார்த்தால் ஊறலின் நிலை எவ்வளவோ தேவலை. அதற்காகச் சித்த மருத்துவர்கள் சரக்கைக் கைவிட்டுவிடவில்லையே.)

அந்தச் செய்தியில் வேறொரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் எழுப்பவில்லை. சாராய ஊறலில் ஊறுவதும் நொதிப்பதும் ஒன்றாகவே நடக்கின்றன. மெசரேஷன் அப்படியல்ல. 10 டிகிரி அளவில் குளிர வைத்து, நொதித்தல் கிளம்புவதற்கு முன்பே சில நாள் ஊறவிடுவதும் உண்டு, நொதித்து முடிந்த பிறகும் தொடர்ந்து ஊறவிடுவதும் உண்டு. தனியாக ‘ஊறல்’ என்று வைத்தால் நொதித்தலோடு குழம்பும். தோலூறல் என்று கூட்டுச்சொல்லாக்கினால் அந்தக் குழப்பம் இல்லை. முதலாவதைக் குளிரூறல் என்றும் இரண்டாவதை நீடூறல் என்றும் கிளைக்கலாம். முன்னூறல் வேண்டாம், படிப்பவர் முந்நூறை எண்ணத் தொடங்கிவிடுவார்.

> அண்ணே, எங்கள் திண்டுக்கல்லில் தோலூறல் என்றால் தோல் ஷாப்பில் ஆட்டுத்தோலை ஊறப்போடுவது. ஒயின் பாட்டிலில் அந்த வாடை வேண்டாமே.

தம்பி, வந்ததில் இதுதான் கனமான மறுப்பு. பதனிடும் வேலையில் முதல் கட்டமே தோலை ஊறவைப்பதுதான். ஆனால் டானின் என்ற பெயரே அந்தத் தொழிலிலிருந்து வந்ததுதானே? நம் பக்கத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையைப் போட்டதும் அதிலுள்ள டானினுக்காகத்தான். ஒயினின் துவர்ப்பும் அதே இனத்தைச் சேர்ந்தது. அங்கே பட்டையின் டானின் தோலுக்குள் ஏறுகிறது, இங்கே தோலின் டானின் சாற்றுக்குள் இறங்குகிறது. இரண்டும் ஒரே கட்டுரையில் வரப்போவதில்லை. ஆனாலும் முதல்முறை வரும் இடத்தில் ‘திராட்சைத் தோலூறல்’ என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். உன் மறுப்பால் பட்டியலில் இந்தத் திருத்தம் சேர்கிறது.

விதையும்தானே கிடக்கிறது, தோலை மட்டும் சொல்வானேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். விளக்கம் முழுவதையும் சொல்லின் தலையில் ஏற்ற முடியாது. ‘சக்கையூறல்’ அவர் தந்த மாற்று. பொருள் சரி, ஆனால் சக்கை என்பது சாறு போன பிறகு மிஞ்சும் கழிவு. சத்தெல்லாம் இருக்கும் பொருளுக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை.

கார்பானிக் மெசரேஷனுக்கு மட்டும் தோலூறலை நீட்டக் கூடாது. பிரான்சின் போஜொலே பக்கம் செய்வது அது. பழத்தை நசுக்காமல் முழுதாகக் கரியமில வாயு நிறைந்த தொட்டியில் வைப்பார்கள், பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கும். அங்கே ஊறுவதற்குச் சாறே முதலில் இல்லை. பெயரில் மெசரேஷன் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர வேலை வேறு. ‘உள்நொதிப்பு’ போதும் என்று நினைக்கிறேன்.

அடுத்ததாக, நொதிக்கும்போது வாயு தள்ளித் தோலெல்லாம் மேலே மிதந்து கெட்டிப்படுமே, அந்த அடுக்குக்கு ஒரு சொல் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அதை அமுக்கி நனைக்காவிட்டால் மேலே காய்ந்து காடியாகத் திரும்பத் தொடங்கும். ‘தொப்பி’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார், எனக்கு அது ஒட்டவில்லை. பாலேடு என்கிறோமே, அதே ஏட்டை வைத்துத் தோலேடு என்று சொல்லிப் பார்க்கிறேன். வேறு இருந்தால் எழுதுங்கள்.