வலு குறைவதைச் சொல்ல எந்த ஆங்கிலத் தொடர்?

வணக்கம் நண்பர்களே, வலு குறைவதைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்கள் என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன, யாராவது தெளிவுபடுத்துங்கள். பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு விடுவதற்கு 'வேர் ஆஃப்', காற்றோ கூச்சலோ அடங்குவதற்கு 'டை டவுன்', இதுவரை சரி. 'பீட்டர் அவுட்' 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சுரங்கங்களில் தாது தீர்ந்துபோவதற்குச் சொன்னது. இப்போது பேச்சு சுரத்தில்லாமல் நின்றுபோனாலும், பாதை புதருக்குள் தேய்ந்து மறைந்தாலும் அதுதான். (பீட்டர் விடுகிறவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

மனிதர்களிடம் வரும்போதுதான் சிக்கல். வெகுநாளாகப் படுக்கையில் இருப்பவருடைய உடல்வலு நாளுக்கு நாள் குறைகிறது என்று எழுத வேண்டும். 'வேர் ஆஃப்' போட்டால் ஏதோ மருந்தின் வேகம் இறங்கியது போல இருக்கிறது. 'எப்' என்றால் கடல்நீர் வற்றுவது, 'வேன்' என்றால் நிலா தேய்வது, இரண்டுமே பொருந்துகிற மாதிரிதான் தெரிகிறது, ஆனால் கடலும் நிலாவும் திரும்ப ஏறிவிடுமே, இவருடையது இனி ஏறாது என்ற தொனி அதில் வருமா? 'ஃபெயிலிங்' ரொம்பக் கறாராகப் படுகிறது. அப்புறம் மெல்ல மெல்லக் குறைவதற்கான 'டேப்பர் ஆஃப்' மழைக்கும் விற்பனைக்கும் சரி, ஆளுக்குப் போடலாமா? உதாரண வாக்கியத்தோடு சொன்னால் புண்ணியமாய்ப் போகும்.